பெர்சனல் ட்ரெய்னர் சான்றிதழ்: மூன்றில் எதை எடுப்பது?

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடமாக விடாமல் ஜிம் போகிறேன். கூட வரும் பெண்கள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் செய்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் பெர்சனல் ட்ரெய்னர் ஆகிவிடலாமா என்று யோசனை. குழந்தை பெற்ற பெண்களுக்கும், என் அம்மா வயதில் இருப்பவர்களுக்கும் பயிற்சி தர ஆசை. மூன்று கோர்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். 'சர்வதேசச் சான்றிதழ், 100 சதவீத வேலை உத்தரவாதம்' என்கிறார்கள். இரண்டாவது, ஒரு ஜிம்மிலேயே நான்கு மாதம் நேரில் நடப்பது. நல்ல அனுபவமுள்ள மாஸ்டர் சொல்லித் தருகிறார், சான்றிதழும் அவர்களே தருகிறார்கள். மூன்றாவது, வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் ஆன்லைன் பாடமும் தேர்வும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வரும். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி என்பதால் ஆங்கிலத் தேர்வு என்றால் பயம். பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கென்று தனிச் சான்றிதழும் இருக்கிறதாம். பேசாமல் அதையே வாங்கிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மூன்றாவதற்குப் பணம் கட்டுங்கள். இரண்டாவது இடத்தின் மாஸ்டரைக் கையை விட்டுவிடாதீர்கள். முதலாவதை மறந்துவிடுங்கள். வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருந்தால் இவ்வளவு போதும். காரணம் தெரிய வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

கோர்ஸ் தேடும் எல்லோரும் 'எது பெஸ்ட்?' என்றுதான் கேட்கிறார்கள். கற்றுக்கொடுப்பது யார், தேர்வு வைப்பது யார் என்று கேட்பவர்கள் குறைவு. இவை இரண்டும் தனித்தனி வேலைகள். பாடம் எடுப்பவரே கேள்வித்தாள் போட்டு, அவரே திருத்தி, அவரே பாஸ் போடும் இடத்தில், கட்டணம் கட்டிய ஒருவரை ஃபெயில் ஆக்க அவருக்கு என்ன அவசியம் வந்தது? அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். அவரை அறியாத ஒரு ஜிம் மேலாளருக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ அது தெரிய வழியில்லை. பெரும்பாலான நாடுகளில் பெர்சனல் ட்ரெய்னராக வேலை செய்ய அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் ட்ரெய்னர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் இந்தத் தொழிலில் சான்றிதழ் கொடுத்தவர் யார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்.சி.சி.ஏ. என்ற ஆணையம், 1987-லிருந்து இருக்கிறது. ட்ரெய்னர்களுக்காக மட்டும் உருவானதல்ல; நர்சிங் உட்படப் பல தொழில்களின் சான்றிதழ்த் தேர்வுகளை அது பரிசோதித்து அங்கீகரிக்கிறது. தேர்வு நடத்தும் பிரிவும் பாடம் விற்கும் பிரிவும் தள்ளி நிற்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள் அன்றாடம் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஆய்வு செய்து, அதிலிருந்துதான் கேள்விகள் வர வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணை எப்படி நிர்ணயித்தார்கள் என்பதற்குக் கணக்கு காட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அங்கீகாரத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வெளிநாட்டு அமைப்பு இந்த அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். அந்த அமைப்பின் விளம்பரத்தில் தேடாதீர்கள். என்.சி.சி.ஏ. தானே வெளியிடும் பட்டியலில் பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். அங்கீகாரம் ஒரு குறிப்பிட்ட சான்றிதழுக்குத்தான், அந்த அமைப்பு விற்கும் எல்லாவற்றுக்கும் அல்ல. ட்ரெய்னர் சான்றிதழுக்கு அங்கீகாரம் வைத்திருக்கும் அதே நிறுவனம், பத்துப் பதினைந்து சிறப்புக் கோர்ஸ்களையும் விற்கும். அவற்றில் பலவற்றுக்கு அது இருக்காது. போதாக்குறைக்கு, ஒரே பாடத்துக்கு இரண்டு விதத் தேர்வு வைத்திருப்பவர்களும் உண்டு: கண்காணிப்பாளர் முன்னால் எழுதுவது ஒன்று, வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது இன்னொன்று. முந்தையதற்குத்தான் மதிப்பு. பிந்தையது மலிவாகவும் சுலபமாகவும் தெரியும், கை அதன் பக்கம்தான் போகும். போக விடாதீர்கள்.

'அங்கீகாரம் பெற்றது' என்று யாராவது சொன்னால், எது பெற்றது என்று திருப்பிக் கேளுங்கள். அஞ்சல்வழி, ஆன்லைன் கல்வி நிறுவனங்களை அங்கீகரிக்கும் அமைப்புகள் தனியாக இருக்கின்றன. அவை பள்ளியைப் பார்க்கின்றன, தேர்வின் தரத்தைப் பார்ப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. முத்திரையைக் காட்டுபவர்கள் இன்னொரு ரகம். ஐ.எஸ்.ஓ. 9001 என்றால் அந்த அலுவலகத்தின் நிர்வாக முறை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். டயர் கம்பெனியும் அதை வாங்கலாம். மனிதர்களுக்குத் திறன் சான்று வழங்கும் அமைப்புகளுக்கான தரம் வேறு: ஐ.எஸ்.ஓ. 17024. உங்கள் வார இறுதி கோர்ஸ்காரர்கள் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள்.

சர்வதேச அளவில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் நான்கு, எல்லாமே அமெரிக்க அமைப்புகள். 1954-ல் தொடங்கிய ஏ.சி.எஸ்.எம்., மருத்துவர்களும் உடலியல் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்த அமைப்பு. நோய் இருப்பவர்கள், வயதானவர்கள் விஷயத்தில் அதன் பாடம் ஆழமானது. 1978-ல் வந்த என்.எஸ்.சி.ஏ. வலிமைப் பயிற்சிக்குப் பேர்போனது. விளையாட்டு வீரர்களுக்கான அதன் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். சாதாரண ட்ரெய்னர் சான்றிதழுக்கு வேண்டியதில்லை. 1985-ல் தொடங்கிய ஏ.சி.இ., மனிதர்களின் பழக்கத்தை எப்படி மாற்றுவது, பாதியில் விட்டுப் போகிறவரை எப்படித் திரும்ப வரவழைப்பது என்பதற்கு நிறைய இடம் தருகிறது. 1987-ல் வந்த என்.ஏ.எஸ்.எம்., உடல் அசைவில் இருக்கும் கோணல்களைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, சமநிலையிலிருந்து வெடிப்பு வேகம் (குதிப்பது, எறிவது போல ஒரே நொடியில் முழு பலத்தையும் காட்டுவது) வரை ஐந்து கட்டமாகப் பயிற்சியை அடுக்குகிறது. இவற்றின் ட்ரெய்னர் சான்றிதழ்கள் நான்குமே என்.சி.சி.ஏ. அங்கீகாரம் பெற்றவை. எதை எடுத்தாலும் மோசம் போக மாட்டீர்கள். நீங்கள் பயிற்சி தர விரும்பும் ஆட்களை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஏ.சி.எஸ்.எம். அல்லது ஏ.சி.இ. பக்கம். முழங்கால் வலியோடும், ரத்த அழுத்த மாத்திரையோடும், 'ஒரு மாதம் வந்தேன், அப்புறம் வர முடியலை' என்ற கதையோடும் வருகிறவர்கள் அவர்கள். ஐந்தாம் கட்ட வெடிப்புப் பயிற்சி அவர்களுக்கு உடனே தேவைப்படாது.

வேறு நாட்டுக்குப் போய் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். பிரிட்டனில் லெவல் 2 ஜிம் இன்ஸ்ட்ரக்டர், அதன்மேல் லெவல் 3 பெர்சனல் ட்ரெய்னர் என்ற படிகள். ஆஸ்திரேலியாவில் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் 3, சர்ட்டிபிகேட் 4. அமெரிக்கச் சான்றிதழை அங்கே அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். எங்கே வேலை செய்வதாக இருந்தாலும் சரி, பணம் கட்டும் முன் நீங்கள் வேலைக்குச் சேர விரும்பும் இரண்டு மூன்று ஜிம்களின் மேலாளர்களிடம், 'எந்தச் சான்றிதழ் இருந்தால் எடுப்பீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். நான் இங்கே எழுதும் எல்லாவற்றையும்விட அந்த ஐந்து நிமிடப் பேச்சு பயன்படும்.

இனி உங்கள் மாஸ்டர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வுகள் கணினியில் எழுதும் சரியான விடையைத் தேர்ந்தெடு ரகம். ஏ.சி.இ. என்றால் மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், என்.ஏ.எஸ்.எம். என்றால் இரண்டு மணி நேரத்தில் 120. என்.எஸ்.சி.ஏ. சில கேள்விகளுக்குப் படமும் வீடியோவும் காட்டுகிறது. இவை எதிலும் ஒரு மனிதரை உங்கள் முன்னால் நிறுத்தி, 'இவருக்கு ஸ்குவாட் சொல்லிக்கொடு' என்று கேட்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். தேர்வில் இப்படி வரும்: ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது கிளையன்டின் முழங்கால்கள் உள்பக்கம் மடங்குகின்றன, எந்தத் தசை சரியாக வேலை செய்யவில்லை? குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்புப் பக்கத் தசை என்று டிக் அடித்தால் மதிப்பெண் விழுந்துவிடும். ஜிம் தரையில் நிற்கும்போது அதே முழங்கால் மடங்குவதற்கு நாலு காரணம் இருக்கும். கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். தோளில் இருக்கும் எடை அவருக்கு அதிகமாக இருக்கலாம். பாதத்தை ஒட்டி வைத்து நின்றிருக்கலாம். இல்லை, முழங்காலை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல மாஸ்டர் முதலில் எடையைக் குறைப்பார், பாதத்தைக் கொஞ்சம் அகட்டி நிற்கச் சொல்வார், 'முட்டியை சுண்டுவிரல் பக்கமாத் தள்ளுங்க' என்பார். மூன்றாவது ரெப்பிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஆகாதவர்களைக் குதிகாலுக்கு அடியில் சின்னத் தட்டு வைத்து இறங்க வைத்துப் பார்ப்பார். அதில் முட்டி நேராகிவிட்டால் கணுக்கால்தான் விஷயம். அப்போதும் மடங்கினால்தான் தசையைப் பற்றிய பேச்சு. இந்த வரிசை புத்தகத்திலும் எங்கோ இருக்கும்தான். கண்ணுக்குப் பழக, பலருடைய முழங்கால்களைப் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் மாஸ்டரிடமே படித்துவிடலாமே என்று தோன்றும். இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று. உங்கள் அம்மா வயதில் ஒருவர் வருகிறார். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்கிறார். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் வரை இதயத் துடிப்பு ஏற வேண்டும் என்ற பழைய கணக்கை அவருக்குப் போட்டால், டிரெட்மில்லில் எவ்வளவு விரட்டினாலும் அந்த எண் வராது. மாத்திரையின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு 'இன்னும் வேகம், இன்னும் வேகம்' என்று சொல்கிற ட்ரெய்னர் அவரை ஆபத்தில் தள்ளுகிறார். இங்கே எண்ணை விட்டுவிட்டு, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரையே சொல்ல வைத்து, பேச முடிகிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். இருபது வருடம் இளைஞர்களுக்கு பைசெப்ஸ் ஏற்றிவிட்ட மாஸ்டருக்கு இது தெரியாமலே போயிருக்க வாய்ப்புண்டு. தெரியாதது அவர் குற்றம் இல்லை, அவரிடம் அப்படிப்பட்டவர்கள் வந்திருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு முன் என்னென்ன கேட்க வேண்டும், எந்தப் பதில் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை ஒழுங்காகத் தேர்வு வைத்துக் கேட்கும் பாடத்தில்தான் முழுமையாகக் கற்றுக்கொள்வீர்கள்.

ஆகவே நான் சொல்வது: அங்கீகாரமுள்ள தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். கட்டும்போது இருப்பதிலேயே சிறிய தொகுப்பை எடுங்கள். பாடப் புத்தகம், மாதிரித் தேர்வு, தேர்வுக் கட்டணம், அவ்வளவுதான் வேண்டும். டீ-ஷர்ட், வியாபாரப் பயிற்சி, 'பிரீமியம் வழிகாட்டி' எல்லாம் சேர்த்த தங்கத் தொகுப்பு உங்களுக்குத் தேவையில்லை. பிறகு மாஸ்டரிடம் போய், 'கோர்ஸில் சேர இப்போ பணம் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை உங்கள் பக்கத்தில் நின்று உதவி செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். எடைத் தட்டுகளை எடுத்து அடுக்க, புதிதாக வந்தவருக்கு வார்ம்-அப் சொல்லித்தர ஒரு ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் மாஸ்டர்கள் அபூர்வம். அவர் மறுத்தால் வேறொருவரைத் தேடுங்கள். வேலையை விடாமலேயே இந்த இரண்டையும் செய்ய முடியும் என்பதால்தான் ராஜினாமா வேண்டாம் என்றேன்.

செலவுக் கணக்கில் கோர்ஸ் விலையோடு நின்றுவிடாதீர்கள், நீங்களே கணக்குப் பிரிவில் இருப்பவர். ஃபெயில் ஆனால் மறுதேர்வுக்கு எவ்வளவு, எத்தனை நாள் கழித்து எழுதலாம் என்று கேளுங்கள். சி.பி.ஆர். (இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி), ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) பயிற்சிச் சான்று தனியாக எடுக்க வேண்டியிருக்கும். இதை வெறும் ஆன்லைன் வீடியோ பார்த்து வாங்காதீர்கள். பொம்மையின் மார்பில் கை வைத்து அழுத்திக் காட்டும் செய்முறைத் தேர்வு இல்லாத சான்றைப் பல அமைப்புகள் ஏற்பதில்லை. அவர்கள் ஏற்றாலும் நான் ஏற்க மாட்டேன். சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லுபடியாவதில்லை. ஏ.சி.இ.யும் என்.ஏ.எஸ்.எம்.மும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சுமார் 20 மணி நேரத் தொடர்கல்வி கேட்கின்றன, ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. இரண்டுக்கும் மூன்று வருடம். அந்தத் தொடர்கல்விக்கும் காசு. 'ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும்' என்று சொல்லும் சான்றிதழ் மலிவாகத் தெரியும். தொடர்ந்து படிக்கச் சொல்லாத சான்றிதழ் என்றுதான் நான் அதைப் பார்ப்பேன்.

'100 சதவீத வேலை உத்தரவாதம்' பற்றி ஒரே வரி: எழுத்தில் கேளுங்கள், எந்த ஜிம், என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வருவது நின்றுவிடும்.

ஆங்கிலப் பயம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. ஆனால் இந்தத் தேர்வில் கஷ்டமாக இருப்பது ஆங்கிலம் இல்லை, உடற்கூறு வார்த்தைகள். கேஸ்ட்ராக்னீமியஸ், லட்டிஸிமஸ் டார்சை எல்லாம் லத்தீனும் கிரேக்கமும். ஆங்கிலவழியில் படித்தவரும் அவற்றை முதல் நாள் வாயில் நுழையாமல்தான் படிக்கிறார். உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: ஐந்து வருடமாக அந்தத் தசைகளை வேலை வாங்கி வருகிறீர்கள். மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். கண்ணாடி முன் நின்று முழங்கையை மடக்குங்கள், ஃப்ளெக்ஷன். நீட்டுங்கள், எக்ஸ்டென்ஷன். காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள், அப்டக்ஷன். திரும்பக் கொண்டுவாருங்கள், அடக்ஷன். வேலை செய்யும் தசையை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொல்லுங்கள். ஜிம்மில் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் ஓய்வெடுக்கும்போதே இதைச் செய்யலாம். கேள்விகளின் ஆங்கிலம் எளிமையானது, ஆனால் நீளமானது: வயது, நோய், மாத்திரை, குறிக்கோள் என்று நாலு வரி சொல்லிவிட்டு, 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்று முடியும். 'முதலில்' என்பதைக் கவனிக்காமல் தவறு செய்பவர்கள்தான் அதிகம். நாலு விடையுமே சரியாகத் தெரியும், முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாதிரித் தேர்வுகளில் இந்த வகைக் கேள்விகளையே போட்டுப் பழகுங்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று நான்கு மாதத்தில் தயாராகிவிடலாம்.

கடைசியாக, பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிச் சான்றிதழ். இப்போது வேண்டாம். அடிப்படைச் சான்றிதழ் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேல் பேசும் கோர்ஸ்கள் அவை. அடிப்படை இல்லாமல் எடுத்தால் பாதி புரியாது, புரிந்ததைத் தவறாகப் பயன்படுத்தவும் வாய்ப்புண்டு. வயிற்றுத் தசைகள் நடுவில் விலகி நிற்கும் டயாஸ்டாசிஸ் ரெக்டை என்ற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மிகச் சகஜம். இணையத்தில் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பிளாங்க் கூடாது, கிரஞ்ச் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடும் ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள். வயிறு குறைய வேண்டும் என்று இரண்டாம் மாதமே நூறு கிரஞ்ச் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வயிற்றின் நடுக்கோடு கூம்பு மாதிரிப் புடைத்து எழும்புகிறதா, மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிறாரா என்று அந்த நிமிடத்தில் பார்த்து, பயிற்சியை எளிதாக்கிக் கொடுப்பதுதான் ட்ரெய்னர் வேலை. குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது, அடிவயிறு கனமாக இழுக்கிறது என்று அவர் சொன்னால், அங்கே நிறுத்தி இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்ப வேண்டும். அதை ஒரு பெண் உங்களிடம் சொல்வதற்கே சில வாரம் ஆகும். பல பெண்கள் ஆண் ட்ரெய்னரிடம் கடைசி வரை சொல்வதே இல்லை. நீங்கள் இந்த வேலைக்கு வருவது நல்லது என்று எனக்குத் தோன்ற அதுவும் ஒரு காரணம்.

முதல் வருடம் பலதரப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பிரசவம் முடிந்து வரும் பெண்களை மருத்துவர் ஒப்புதலோடு, மெதுவான நடை, மூச்சுப் பயிற்சி, இலகுவான எடை என்று தொடங்குங்கள். அவர்கள் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிறப்புக் கோர்ஸ் எடுக்கும்போது அந்த நோட்டை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தைப் பாருங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்காவது அதில் பதில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.